பத்துப் பை மண்

ஜவ்வாது மலையடிவாரத்தில், சந்தவாசலைத் தாண்டி இருந்த அந்த ஊரின் பெயரை இன்றுவரை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மண் ஆய்வு அலுவலகம் ஒன்றில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். ஊருக்கு மேலே இருந்த பழைய கல்குழியில் யாரோ தோல் பதனிடும் ஷெட்டுக் கழிவை லாரி லாரியாகக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். குழிக்குக் கீழே ஒரு கொல்லை, கொல்லையில் ஒரு கிணறு. கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டதென்று ஊரார் மனுக் கொடுத்தார்கள். விஷம் மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று நாங்கள் முதலில் பார்க்க வேண்டும். மண்ணில் இருந்தால்தான் அடுத்ததாகத் தண்ணீரைச் சோதிப்பார்கள், லாரிகளையும் நிறுத்துவார்கள்.

நானும் ஒரு கூலியாளும் மண்ணைத் துளைக்கும் திருகுக் கம்பியின் பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் செக்கு மாடு மாதிரி சுற்றினோம். ஓரடிக்கு ஒருமுறை கம்பியை உருவி, அதில் சிக்கிய மண்ணைப் பையில் போட்டு, ஆழம் எழுதிய சீட்டைக் கட்ட வேண்டும். மூன்றடி வரை சாதாரண மண். நான்காவது அடியிலிருந்து சாம்பல் நிறம், அழுகிய தோலின் நாற்றம். பத்தடி வரை அதேதான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே குஷி.

கொல்லைக்காரரின் மனைவி கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எட்த்துனு போயி இன்னா பண்ணுவீங்க சார்?"

"சோதிப்போம்."

"நல்லா இருந்தா?"

வெயிலில் எனக்கு மண்டை காய்ந்துகொண்டிருந்தது. "நல்லா இருந்தா உங்களுக்குத்தான் நல்லது" என்று எரிந்து விழுந்தேன். நான் அவரிடம் சொன்ன விளக்கம் அவ்வளவுதான்.

எங்களை ஏற்றிப்போக வந்த ஜீப் வழியில் படுத்துவிட்டது. அரக்கு முத்திரை வைக்காத பைகளைக் கண்ணைவிட்டு அகற்றக் கூடாது என்பது விதி. பத்துப் பையையும் சுமந்துகொண்டு பஸ் ஏற எனக்குச் சோம்பல். "பத்திரமா வெச்சிருங்கம்மா, ரெண்டு நாள்ல ஜீப் வரும்" என்று அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஆய்வகத்தில் பைகளைப் பிரித்தபோது பத்திலும் ஒரே செம்மண். கல் இல்லை, நாற்றம் இல்லை, மாவு மாதிரி இருந்தது. ஆறாவது பையில் ஒரு சாமை வேர் கிடந்தது. ஆறடி ஆழத்தில் சாமை எங்கே வேர் விடும்? யாரோ மண்ணை மாற்றியிருந்தார்கள். அதிகாரியிடம் சொல்லியிருந்தால் மறுபடி துளை போட்டிருப்பார்கள். பையை விட்டுவிட்டு வந்தது யார் என்றும் கேட்டிருப்பார்கள். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். குறையேதும் இல்லையென்று அறிக்கை போனது.

அடுத்த கோடையில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். அந்த அம்மாவே என்னை அடையாளம் கண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"நீங்க போன அன்னிக்கே அந்த நாத்தம் புடிச்ச மண்ணக் கொட்டிட்டேன் சார். ஆபீசுக்குப் போற மண்ண அப்டியா குடுத்தனுப்புறது? மேட்டுக் கொல்லை மண்ண சலிச்சி, சீட்டு மாறாம போட்டு வெச்சேன்."

விருந்தாளிக்குக் கொடுக்கும் அரிசியில் கல் பொறுக்குகிறவர் அவர். மண்ணையும் அப்படியே கொடுத்திருந்தார். அந்த மண்ணை வைத்துத்தான் தண்ணீரைப் பற்றி முடிவு செய்வோம் என்பதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

"அதுவரிக்கும் சுனைத் தண்ணிதான் சொமந்துனு இருந்தேன். ஆபீசுல நல்லாக்குதுன்னு எழுதிட்டாங்கன்னு ஊர்ல சொன்னாங்க. இப்போ கெணத்துத் தண்ணிதான் குடிக்கிறோம். அவுருதான் வயித்து வலின்னு ரெண்டு மாசமா படுத்துனு இருக்காரு."

உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தாகமில்லம்மா" என்றேன்.

"வெயில்ல நடந்து வந்துட்டு தாகமில்லன்றீங்களே. நல்லாக்குதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்கம்மா. மண்ணு மாறிப்போச்சு, அதான் அப்படி எழுதிட்டோம்" என்றேன்.

அவர் சொம்பைக் கீழே வைக்கவில்லை. கணவர் படுத்திருந்த உள்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் சலிச்சதாலயா சார்?"

இல்லை, என்னால்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை.