ஏப்ரனோடு யூனிவர்சிட்டிக்குப் போனேன்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் இறைச்சிக் கடையில் ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அண்ணை, உங்கட மகள் ஸ்கூல் நேரத்தில யூனிவர்சிட்டிக்குள்ள போறாள்," என்றார் தெரிந்த ஒருவர். காதல்தான் என்று நானே முடிவு கட்டி, இரத்தக் கறை படிந்த ஏப்ரனோடு வீரனாக ரயிலேறிப் போய், வகுப்பறையைத் தேடிப் பிடித்துக் கதவைத் தள்ளினேன். கள்ளி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா! ஸ்கூலில படிக்கேக்கயே இங்க ஒரு பாடம் முடிச்சால் பிறகு அது டிகிரிக் கணக்கில சேரும் எண்டு சொன்னனான். கிரிக்கெட் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் எண்டியள். இப்ப உங்களால என்னை வகுப்பில இருந்து நிப்பாட்டினால்?" என்று சீறினாள்.

விரிவுரையாளர் அவளை நிறுத்தவில்லை. என்னைத்தான் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்.

போன் செய்தவரைத் திரும்பும் ரயிலிலேயே மனத்துக்குள் திட்டித் தீர்த்துவிட்டேன். மகள் சொன்னதைக் காதில் வாங்காமல், ஊரார் சொன்னதற்கு ஓடிய என்மீதுள்ள கோபம்தான் இன்னும் தீரவில்லை.