சுவிஸ் அண்ணை மறித்த பஸ்

பிறம்ரன் நகரத்து வெயார்ஹவுசில் என்னோடு வேலை செய்தவர் சுவிஸ் அண்ணை. சுவிஸில் சரக்கு ரயிலுக்குப் பெட்டி கொழுவியவராம். அங்கே ரயில் பிந்தினால் மலையே இறங்கி வந்து மன்னிப்புக் கேட்கும் என்பதுபோலக் கதைப்பார். காலையில் வேலைக்குப் போகிற பஸ் வரிசையில் கடைசி ஆளாக நின்று, ஸ்ரேசன் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அங்க ரயில் வருமட்டும் பஸ் காத்து நிக்கும், தம்பி."

"பாவம் அண்ணை, அந்த பஸ்ஸுக்குக் கால் நோகாதே?"

இனி ஒரு நாள் பிந்தினாலும் வேலை இல்லை என்று சுப்பவைசர் எனக்குச் சொல்லியிருந்தான். அடுத்த காலையே என் ரயில் பிந்தியது. இறங்கி பஸ்ஸுக்கு ஓடினேன். அண்ணை ஒரு காலை பஸ்ஸிலும் மற்றதை நிலத்திலும் வைத்துக்கொண்டு சாரதியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரெயின் வந்திட்டுது! யூ வெயிற்!"

நான் பாய்ந்து ஏறினேன். கோபத்தில் சாரதி அவரை இறக்கிவிட்டுக் கதவை மூடினான்.

அவருக்கும் அதே சுப்பவைசர்தான். நக்கலடித்தே திரிந்த எனக்காக ஏன் அப்படிச் செய்தார் என்று இன்னும் விளங்கவில்லை. யன்னலால் பார்த்தேன். மழைக்குள் நின்று, தன்னுடைய ரயில் நேரத்துக்குப் புறப்பட்டதுபோல, பெருமையாகக் கை காட்டிக்கொண்டிருந்தார்.