எடுக்காத நம்பர் நாப்பத்தொண்ணு

இல்லீங்க, மூக்கு என் மூக்குதான். நீங்க கேக்கல, நானே சொல்றேன். பேரன் பொறந்து முப்பத்தஞ்சு நாளாச்சு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் இதே பாட்டுதானான்னு என் சம்சாரம் திட்டுறா. ஆனா இன்னிக்கு நான் சொல்ல வந்தது அவனைப் பெத்தவளைப் பத்தி. என் மக.

அவ உணவு உதவி ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறா. நான் மூட்டை தூக்கினவன், அஞ்சாங்கிளாஸ் தாண்டல. எனக்குப் புரியிற மாதிரி அவ சொன்னது இதுதான். இலவச ஆஸ்பத்திரிக்கு வர்ற கர்ப்பிணிப் பொண்ணுங்க பேர் ஒரு லிஸ்ட்ல இருக்கும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் ஆபீஸ் குடுக்குற மாவு, பருப்பு, எண்ணெய் வாங்குறவங்க பேர் இன்னொரு லிஸ்ட்ல. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, அதுல இருந்து இதுல இல்லாதவ யாருன்னு தெரிஞ்சுடும். அவளுக்கு ஃபோன் போட்டு, வந்து எழுதிக் குடும்மான்னு கூப்பிடணும். மூணு தடவை கிடைக்கலன்னா பேரை அடிச்சுடுவாங்க. மூணு மாசத்துக்கொரு தடவை லிஸ்ட்டே மூடிடும், அப்புறம் விட்டுப்போன பேரைச் சேர்க்க முடியாது. என் மகளும் அடிச்சவதான், அதை அவ மறைக்கல.

நிறைமாசத்துல ஒரு நாள், ஃபோனுக்கு ரீசார்ஜ் பண்ணாம சுத்துறியேன்னு என்னைத் திட்டிக்கிட்டு இருந்தவ பாதியில நிறுத்திட்டா. முகமே மாறிப்போச்சு.

"அப்பா, சாப்பாட்டுக்கே இல்லாதவ ஃபோனுக்கு எங்கப்பா போடுவா? நான் அடிச்சதெல்லாம் அவங்களைத்தான்."

ஆபீஸ்ல போய்ச் சொல்லியிருக்கா. நம்ம வேலை கூப்பிடுறது, தேடுறது இல்லைன்னுட்டாராம் மேலதிகாரி. வயித்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலையப் போறியான்னு கிண்டல் வேற. அலைஞ்சா. தண்ணி பாட்டிலோட நானும் பின்னாடி போனேன். அடிச்ச பேர் நாப்பத்தொண்ணு.

முதல் வீடு, ஒரு துணிக்கடைக்குப் பின்னால, மாடிப்படிக்குக் கீழ ஒரே ரூம். ஜன்னல் கிடையாது. தையல் வேலை பாக்குற பொண்ணு, தனியா இருந்தா. என் மக விஷயத்தைச் சொல்லி ஃபாரத்தை நீட்டினா. அந்தப் பொண்ணு இவ வயித்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அவ குழந்தை குறைமாசத்துல பொறந்து ஒன்பது நாள்தான் உசுரோட இருந்துச்சாம். வெறும் டீயிலயே நாள் ஓடினதுல பால் ஊறலக்கான்னா. அழக்கூட இல்ல.

அப்புறம் ஃபாரத்தை மடிச்சுத் திருப்பிக் குடுத்தா. "குழந்தை இல்லன்னா இது எனக்குக் கிடையாதில்ல?"

என் மக ஃபாரத்தைப் பையில வச்சா. கிடையாதுன்னு அவளுக்குத் தெரியும்.

அன்னிலருந்து எண்ணி பத்தாம் நாள் இவனைப் பெத்தா. அவனைக் கையில வாங்கினப்ப எனக்குத் தலைகால் புரியல, பொய் சொல்ல மாட்டேன். அவ மட்டும், புள்ள பால் குடிக்கிறப்ப சுவத்தையே பாத்துக்கிட்டு இருப்பா.

பிரசவ லீவுல இருக்கிறவ போன வாரத்துல இருந்து மறுபடி நடக்குறா. பதினஞ்சு பேரை எழுத வச்சாச்சு. ஆறு பேர் வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, எங்கேன்னு யாருக்கும் தெரியல. நாளைக்குச் சாயங்காலம் லிஸ்ட் மூடிடும். பச்ச உடம்போட இப்படியா அலையிறதுன்னு என் சம்சாரம் தினம் கத்துறா.

இன்னிக்குக் காலையில செருப்பை மாட்டிக்கிட்டே புள்ளையை என் கையில குடுத்தா. "வயிறு முட்டக் குடிச்சிருக்கான்பா, மதியம் வரைக்கும் தாங்குவான். அழுதான்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதே, நாளைக்கு என்னை விடமாட்டாங்க. இன்னும் பத்தொன்பது வீடு இருக்கு."