தம்பியின் ஒரேயொரு ரசிகர்

அகதியாக வந்த புதிதில் நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற நகர்ப்பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் ஒரு திருகோணமலைப் பெடியன். ஊரில் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவன். இங்கே புவாண்ட்-கிளேர் என்ற இடத்தில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினான்; அந்தக் கிடங்கின் பேஸ்பால் அணிக்குப் பந்தெறிந்தான். பெரிய கழகம் ஒன்றின் பயிற்சியாளர் ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. பிடித்துப்போனால் சம்பளத்தோடு இடம். பெட்டிகளுக்குக் கும்பிடு.

பெடியனுக்குப் பயம் ஒருவரை நினைத்துத்தான். அவனுடைய ரசிகர். மேல்மாடியில் இருந்த நாற்பது வயது யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் பஸ் தரிப்பில் அவனுக்காக நிற்பார். மத்தியானம் கிடங்குக்குப் போன் எடுத்து, தம்பி சாப்பிட்டாரோ என்று விசாரிப்பார். போன ஆட்டத்தில் தம்பியின் பந்தைத் தூக்கி அடித்த ஒருவனை அவனுடைய கார் வரைக்கும் துரத்திப்போய்த் திட்டினார். இன்னொருமுறை ஏதும் நடந்தால் பெடியனுக்கு அணியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"அண்ணை, நீங்கள் அவருக்குப் பக்கத்தில இருங்கோ. ஆளை அசையவிடாதேங்கோ," என்றான் பெடியன்.

புத்தகத்தைவிடப் பாரமான எதையும் தூக்கிப் பழகாத என்னை ஒருவன் காவலுக்கு நியமித்தது அதுவே முதலும் கடைசியும்.

ஞாயிறு. பயிற்சியாளர் வலைக்குப் பின்னால் கைகட்டி நின்றார். நான் ரசிகரின் ஜாக்கெட் நுனியைப் பிடித்தபடி இருந்தேன். பெடியன் எறிய எறிய, மட்டைகள் காற்றை அடித்தன. ஒவ்வொன்றுக்கும் ரசிகர் தொண்டை கிழியக் கத்தினார். பயிற்சியாளர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பிறகு எங்கள் அணி மட்டை பிடிக்கும் முறை வந்தது. பெடியன் கையுறையைக் கழற்றி, ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில் வைத்தான். ரசிகர் கழிப்பறைக்கென்று எழுந்தார். அங்கேயுமா கூடப் போவது? திரும்பி வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். சிரித்த முகமாக இருந்தார்.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை?" என்றேன்.

"இனிக் கத்தத் தேவையில்லை ஐசே. தம்பியின்ர கிளவுஸ் வாங்கில கிடந்தது. ஒரு கடதாசிச் சரை திருநீறு உள்ளுக்க கொட்டிட்டன். ஒருத்தன்ர கண்ணும் படாது."

பந்தில் எதையும் பூசக்கூடாது என்பது பேஸ்பாலில் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம். எழுந்து இரண்டு கையையும் ஆட்டினேன். கையுறையை மாட்டிக்கொண்டு நடுவுக்குப் போய்விட்ட பெடியன், அதை உற்சாகம் என்று எடுத்துத் தலையாட்டிவிட்டு எறிந்தான். பந்து வெள்ளையாகப் புகைந்துகொண்டு போனது.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். எனக்கு ஓரளவு பிரெஞ்சு தெரியும் என்பதால் பெடியன் என்னை இறங்கி வரச்சொன்னான். இது என்ன என்று நடுவர் கேட்டார். சாம்பல் என்றேன். எதன் சாம்பல்? மாட்டுச் சாணத்தை எரித்தது என்று உண்மையைச் சொன்னேன். எதிரணியில் சந்தேகத்தோடு நின்றவர்களுக்கும் அதோடு சந்தேகம் தீர்ந்தது. எதற்காக என்றார். கண்ணூறை விளக்கும் அளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இருக்கவில்லை.

நடுவர் வாசல் பக்கம் கையை நீட்டினார். பெடியன் வலையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ரசிகர் அவனுக்குப் பின் இருக்கையில் வந்து அமர்ந்தார்.

"பாத்தியளே தம்பி, எவ்வளவு பொல்லாத கண் எண்டு? ஒரு சரை போதாமப் போட்டுது."

பெடியன் திரும்பவில்லை. "அண்ணை, நான் இனி விளையாடேல்லை."

ரசிகர் முன்னால் சாய்ந்தார்.

"அது பரவாயில்லை," என்றார். "நாளைக்கு வேலைக்குப் போவியள்தானே? எத்தனை மணி பஸ்?"