அந்தக் கடிதத்தில் இருந்த மூன்று சொற்கள்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக்கடையின் மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். என் ஊரான கலஹாவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்கு வந்து சேரலாம். என்னிடம் படிப்பவர்கள் பெரும்பாலும் டவுனில் வேலை பார்க்கும் பெண்கள்.

போன வருடம் ஒரு நாள், மனிதர்களின் குணத்தைச் சொல்லும் சொற்களைப் பாடமாக எடுத்தேன். ‘ஒப்ஸ்டினேட்’ என்று பலகையில் எழுதி, எவ்வளவு சொன்னாலும் கேட்காமல் பிடிவாதம் பிடிப்பவர் என்று அர்த்தம் சொன்னேன். அடுத்தது ‘இன்ஃப்ளெக்ஸிபிள்’, கொஞ்சமும் வளைந்து கொடுக்காதவர். அதற்கடுத்து ‘நரோ மைன்டட்’, குறுகிய மனம் படைத்தவர். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். இருபத்துநான்கு வயது இருக்கும். டவுனில் ஒரு துணிக்கடையில் நான்கு வருடம் வேலை செய்து, விலகி, வேறு வேலை தேடிக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் படியிறங்கும்வரை காத்திருந்து, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“மிஸ், நீங்க எழுதுன மூணு சொல்லும் என்னோட லெட்டர்லயும் இருக்கு. நல்ல சொல்லுன்னுதான் இவ்வளவு நாளும் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

வேலையை விட்டபோது கடை மெனேஜர் கொடுத்த நற்சான்றுக் கடிதம் அது. நேரத்துக்கு வருபவர், நேர்மையானவர் என்று ஆரம்பித்திருந்தது. அதற்குக் கீழே, மரியாதையான ஆங்கிலத்தில், ஒப்ஸ்டினேட், இன்ஃப்ளெக்ஸிபிள், நரோ மைன்டட். படிக்கப் படிக்க எனக்கு முகம் சூடாகியது.

“இத எத்தன எடத்துல குடுத்தீங்க?”

“அஞ்சு எடத்துல மிஸ். வாசிச்சிட்டு, சிரிச்சிக்கிட்டே, அறிவிக்கிறோம்னு சொல்லி அனுப்பிடுவாங்க. எனக்கு இங்கிலீஷ் பேச வராததாலதான் வேல கெடைக்கலன்னு நெனச்சேன். அதுக்குத்தான் ஒங்க கிளாஸுக்கே வந்தேன்.”

தனக்கு எதிரான சாட்சியை மடிப்புக் கலையாமல் உறையில் போட்டு, தன் கையாலேயே ஐந்து இடங்களில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

மெனேஜருக்கு உங்கள்மேல் என்ன கோபம் என்று கேட்டேன்.

“கதிர கேட்டேன் மிஸ்.”

கடையில் காலையிலிருந்து இருட்டும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஆள் வராத நேரத்திலும் உட்காரக்கூடாது. அவளோடு வேலை செய்த ஒரு பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல், வெறுங்காலோடு நின்றிருக்கிறாள். அவளுக்கு உட்கார ஒரு கதிரை போடுங்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள். ஒரு முறை அல்ல, நான்கு முறை. நான்காவது முறை, “ஒனக்கு வாய் கூடிப்போச்சு” என்றாராம் மெனேஜர். கதிரை வரவேயில்லை. அதோடு இவள் வேலையை விட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. அன்று நான் கொடுத்த பாடத்தாளை எடுத்துப் பார்த்தேன். ஒப்ஸ்டினேட்டுக்கு உதாரணமாக ஒரு வாக்கியம் போட்டிருந்தேன்: தொழிலாளர்கள் பிடிவாதமாக வேலைக்குத் திரும்ப மறுத்தார்கள். ஏதோ பழைய இலக்கணப் புத்தகத்திலிருந்து யோசிக்காமல் பெயர்த்து எழுதியது. என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். வேலைநிறுத்த நாட்களில் அம்மா மற்றப் பெண்களோடு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவைத் திட்டுகிற வாக்கியத்தை, அம்மாவின் உழைப்பில் படித்த நானே பிரதியெடுத்து விநியோகித்திருக்கிறேன். மெனேஜர்மேல் வந்ததைவிட அதிகமான கோபம் அப்போது என்மேல் வந்தது.

மறுநாள் இருவருமாகக் கடைக்குப் போனோம். மெனேஜரும் எங்களைப் போலவே மலைநாட்டுத் தமிழ் பேசுகிறவர்தான். சிரித்தபடியே வரவேற்றார்.

“இதுல எழுதியிருக்கிறதுக்கு அர்த்தம் தெரியுமா ஒங்களுக்கு?” என்று கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

“தெரியாமலா மிஸ்? சொன்ன பேச்சு கேக்காதவங்கள வேற எப்படி எழுதுறது?”

“இதனால அஞ்சு எடத்துல வேல கெடைக்காமப் போயிருக்கு. மாத்தி எழுதித் தாங்க.”

“எழுதுனது எழுதுனதுதான். ஒரு புள்ளிகூட மாத்த மாட்டேன். யாரு வந்து கேட்டாலும் சரி.”

இதற்கு என்ன ஆங்கிலச் சொல் என்று அவரையே கேட்க வாய் துடித்தது. அதற்குள் அவள் பேசினாள். குரல் உயரவில்லை.

“அப்படின்னா சேர், கதிர கேட்டேன்னு எழுதித் தாங்க. நாலு தரம் கேட்டேன், நீங்க தரலன்னு எழுதுங்க. அது உண்மதானே. அத எங்க வேணும்னாலும் கொண்டுபோய்க் குடுக்குறேன்.”

சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மெனேஜர் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டினார். அது அடிக்கவேயில்லை.

அடுத்த நேர்முகத் தேர்வுக்கு, கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு, அவள் கடிதம் இல்லாமலே போனாள். ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டதற்கு, தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அதோடு மனம் அடங்கவில்லை. வகுப்பில் எல்லோரையும் அவரவர் கடிதங்களைக் கொண்டுவரச் சொன்னேன். கம்பளையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பெண் அதே கடையில் முன்பு வேலை செய்திருக்கிறாள். அவளுக்கும் நல்ல கடிதம்தான் என்ற நம்பிக்கை. வாங்கிப் பார்த்தேன். பெயர் மட்டும்தான் வேறு. அதே வரி, அதே மூன்று சொற்கள், அதே வரிசையில்.

அர்த்தத்தைச் சொன்னதும் அவள் கண்ணில் நீர் முட்டியது. “நான் அங்க வாயே தொறக்கல்லயே மிஸ். கலியாணம் முடிவாகித்தானே வேலயால நின்டேன்.”

அன்று வேறு பாடம் நடக்கவில்லை. அந்த மூன்று சொற்களையும் எடுத்துவிட்டு இருவருக்கும் புதுக் கடிதம் தரச் சொல்லி, கடை முதலாளிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் வகுப்பே சேர்ந்து அமைத்தது. இரண்டு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். பதில் வரவில்லை. இதுவரை மூன்று கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. நான்காவதை இந்த ஞாயிற்றுக்கிழமை எழுதப்போகிறோம்.