வீட்டுக்கு ஒருவர்

நர்சிங் முடித்த பிறகு சில காலம் ஒரு கணக்கெடுப்பில் வேலை பார்த்தேன். ஊரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய், எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. மயிலாப்பூர் முடிந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு வந்திருந்தோம். ஒரு வீட்டில் ஒருவரைத்தான் சோதிக்கலாம். யாரை என்பதைக் கையிலிருக்கும் டேப்லெட் கணினி குலுக்கல் முறையில் சொல்லும்.

கூவத்தை ஒட்டிய சந்தில் ஒரு வீடு. கணவன், மனைவி மட்டும். அவர் ஆட்டோ ஓட்டுபவர். அந்த அம்மா மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டித் தருபவர். வலது கால் கட்டைவிரலில் சுற்றிய துணி அவிழாதபடி குதிகாலால் நடந்தார்.

டேப்லெட் கணவரைக் காட்டியது.

“எனுக்கு ஒண்ணும் இல்லமா,” என்றார் அவர். “அவளப் பாரு. முள்ளு குத்துன புண்ணு, ஆறவே மாட்டேங்குது. ராவெல்லாம் தண்ணி குடிச்சிக்கினே கீறா.”

வெளியே வந்து மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, மனைவியைச் சோதிக்கலாமா என்று கேட்டேன்.

“கேக்கறவங்களுக்கெல்லாம் பார்த்தா நோய் இருக்கறவங்கதான் நிறைய வருவாங்க. அப்புறம் ஊர் நிலவரம் எப்படித் தெரியும்?” என்றார். பொறுமையாகத்தான் சொன்னார். அவர் சொன்னது சரி என்பதும் எனக்குத் தெரியும்.

கணவருக்கே பார்த்தேன். சுகர் இல்லை, பிரஷர் இல்லை. அதைச் சொன்னபோது அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப எனுக்கு இருந்தா கணக்குல வராதா கண்ணு?” என்றார் அந்த அம்மா.

“வராதும்மா. ஆனா நீங்க நாளைக்கே ராயப்பேட்டை கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“காலைலதான வியாபாரம். மீன வுட்டுட்டு கியூவுல நிக்கச் சொல்றியா?”

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்படி கணவரிடம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த நாள் முழுக்க யார் விரலில் ஊசி குத்தினாலும் அந்தத் துணிக்கட்டுதான் கண்ணுக்குள் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மனது கேட்காமல், எங்கள் வீட்டில் அம்மாவுக்காக வாங்கி வைத்திருந்த சுகர் பார்க்கும் மிஷினை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாவின் விரலில் குத்தி மிஷினில் ரத்தத்தை வைத்தேன். எண் எதுவும் வரவில்லை. மிஷினால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை என்று மட்டும் காட்டியது. துணியைப் பிரித்தபோது கால்விரல் கறுத்திருந்தது. அவருக்கு அங்கே வலியே இல்லையாம். அதனால்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போதே கணவரின் ஆட்டோவில் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியதே பெரிது என்றார் டாக்டர்.

வார்டுக்கு வெளியே கணவர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“நீ மொத தபா வந்தியே, அன்னிக்கே பாத்திருந்தா வெரலு தப்பிச்சிருக்குமா?”

“தெரியலண்ணா. புண்ணு அதுக்கு முன்னாடியே முத்திப்போயிருந்துதுன்னு டாக்டர் சொல்றாரு.”

அவர் தலையாட்டினார். நம்பித்தான் ஆட்டினாரா என்று தெரியவில்லை. எனக்கே அது முழுக்க நம்பும்படி இல்லை. டீ வாங்கிவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மறுநாள் அடையாறில் கணக்கெடுப்பு என்று செய்தி வந்திருந்தது. அதை அவரிடம் சொல்லிவிட்டுப் போக மனம் வராமல், கொஞ்ச நேரம் நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.