ஒன்பதேகாலுக்கு வந்த இன்டர்நெட்

நான் எட்டாவது வரை படித்தவள். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான்.

அப்போது எங்கள் தெருவில் போன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். நைனா, எங்கள் அப்பா, திருத்தணி மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருந்தார். கடைக்காகப் போட்ட போன். அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, கம்ப்யூட்டர் வாங்கியதும் அதை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். இன்டர்நெட்டுக்குப் போன் ஒயர் வேண்டுமாம். துணி போட்டு மூடி, பொட்டு வைத்து, நல்ல நாளுக்காக அது காத்திருந்தது.

நானும் காத்திருந்தேன். மூன்று பேர் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான், பதிலே இல்லை. நாலாவது பொதட்டூர்பேட்டை மாப்பிள்ளை. வேகாத பஜ்ஜியை ஒன்றும் சொல்லாமல் தின்று முடித்தார். எனக்குப் பிடித்துவிட்டது. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. கிளம்பும்போது அவருடைய அப்பா, "வெள்ளிக்கிழம நல்ல நேரத்துல பூத்துலேர்ந்து போன் போட்டுச் சொல்றேங்க" என்றார்.

கம்ப்யூட்டருக்கும் பாவா நல்ல நேரம் கேட்டார். நைனா காலண்டரைப் பார்த்தார். அதே வெள்ளிக்கிழமை. ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால். அதற்கப்புறம் ராகுகாலம். இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்ததில் நைனாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

அன்றைக்குத் தேங்காய் உடைத்தோம். சரியாக ஒன்பதேகாலுக்கு பாவா போனிலிருந்த ஒயரைப் பிடுங்கி, கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியில் சொருகினார். பெட்டி கீச்சென்று கத்தியது. பிறகு கரகரவென்று இழுத்தது.

"இன்னா மாப்ள இது, கோழியப் புடிச்சி அமுக்கினா மாரி கத்துது?" என்றார் நைனா.

"பேசிக்கினு கீது மாமா."

"யாராண்ட?"

"அமெரிக்காவாண்ட."

நைனா உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

படம் மேலேயிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் வானம். கால் மணி நேரம் வானம்தான். நடுவில் ஒரு தடவை நின்றுபோய், மறுபடி கத்தி, மறுபடி வானத்திலிருந்து தொடங்கியது. பத்து மணிக்குக் கோபுரம் வந்தது. அப்புறம் படிக்கட்டு. எங்கள் திருத்தணி மலை.

"எப்டி மாமா?"

நைனா எழுந்து வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்தார். "அங்கியேதான் கீது" என்றார்.

நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவையும் அடிக்கவில்லை. ராகுகாலம் வந்துவிட்டது. பாவா ஒயரைப் பிடுங்கிப் போனில் திரும்பச் சொருகினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பாவா, ஒயர் அதுல இருந்தா போன் அடிக்குமா?"

"எப்டி அடிக்கும்? என்கேஜ்ல இல்ல இருக்கும்" என்றார். சொல்லிவிட்டுத்தான் போனைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலாவதும் போச்சு" என்று அம்மா அடுப்படிக்குப் போனாள். நான் பூஜைத் தேங்காயைத் துருவினேன்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா வாசலில் நின்றார். ராகுகாலம் முடிந்ததும் பஸ் ஏறியிருக்கிறார். முகமெல்லாம் வேர்வை.

"பூத்துல ஒரு மணி நேரம் நின்னேங்க. எப்ப போட்டாலும் என்கேஜ். பொண்ணுக்கு வேற எடத்துல பேசிக்கினு கீறீங்களா?"

நைனாவுக்குப் பொய் வராது. "இல்லீங்க. அமெரிக்காவாண்ட பேசிக்கினு இருந்தோம்" என்றார்.

வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். "அமெரிக்கா மாப்பிள்ளைங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பாவா விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். "மாப்ள, நீங்க போயி வெத்தல வாங்கியாங்க" என்று அம்மா அவரை அனுப்பிவிட்டாள். பிறகு வந்தவரிடம், "அது தூரமுங்க. எங்களுக்குப் பொதட்டூர்பேட்டதான் புடிச்சிருக்குது" என்றாள். அதிலும் பொய் இல்லை.

வெற்றிலை வந்தது. அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணமான முதல் வாரமே வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "எங்க நைனாவாண்ட சொல்லிடாத. ஊரு பூரா சொல்லி வெச்சிகீறாரு" என்றார்.

நான் சொல்லவில்லை. மாமனாருக்கு இப்போது எண்பது வயது. மாமியார் என்னை ஏதாவது சொல்ல வந்தால் போதும், "அமெரிக்காவையே வாணான்னுட்டு வந்த பொண்ணுடி. சும்மா இரு" என்று அடக்கிவிடுவார்.